பருவநிலை மாற்றத்தைச் சிறு பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது? பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் முதலில் பாலர் பள்ளியிலும், பின்னர் தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்புகளிலும் கற்பித்த ஆண்டுகளில் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே விடைகளை எழுதியுள்ளேன்.

இதை எந்த வயதில் தொடங்க வேண்டும்?

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1990களில் ஒரு கருத்தை வலியுறுத்தினார். நான்காம் வகுப்பை எட்டும் முன் குழந்தைகளிடம் இயற்கையின் அழிவுகளைப் பேச வேண்டாம். முதலில் அவர்கள் மரத்தையும் மண்ணையும் நேசிக்கட்டும். தாங்க முடியாத துயரத்தை முன்கூட்டியே ஏற்றினால் இயற்கையை விட்டே விலகிவிடுவார்கள் என்பதுதான் அது. முதலில் இயற்கையை நேசிக்கட்டும் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நம் ஊரில் அந்த அறிவுரையை அப்படியே பின்பற்ற முடிவதில்லை. முழங்கால் அளவு வெள்ளத்தில் அப்பாவின் தோளில் அமர்ந்து வீட்டை விட்டு வெளியேறிய ஐந்து வயதுக் குழந்தையிடமும், புகைமூட்டத்தால் பள்ளி மூடப்பட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளையிடமும் "இதெல்லாம் உனக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்வதில் பொருளில்லை. பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்டது; அதற்கு ஒரு பெயரும் எளிய விளக்கமும் மட்டுமே நம்மிடம் கேட்கிறது.

ஆகவே என் விடை இதுதான்: பிள்ளை தானாகப் பார்த்ததையும் கேட்டதையும் எந்த வயதிலும் உண்மையாகப் பேசலாம், அது பார்க்காத பேரழிவுகளை நாமாகக் கொண்டுவந்து காட்டுவதைப் பத்து வயது வரை தள்ளிப்போடலாம்.

இதை நான் ஒரு தவறின் வழியாகவே கற்றுக்கொண்டேன். கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு உருகும் பனிப்பாறையில் மெலிந்து நிற்கும் துருவக் கரடியின் படக்காட்சியைக் காட்டி, நாம் மின்சாரத்தை வீணாக்குவதால்தான் இப்படி ஆகிறது என்று சொன்னேன். அன்றிரவு ஒரு சிறுமி காற்றாடியை அணைக்கச் சொல்லி அழுதிருக்கிறாள்; அணைத்த பிறகு வியர்வையில் நனைந்தபடியே உறங்கியிருக்கிறாள். மறுநாள் அவளுடைய தாயார் அதை என்னிடம் கோபமில்லாமல் சொன்னார். நான் சொன்ன செய்தியில் பொய் இல்லை; ஆனால் ஓர் ஆறு வயது மனத்தின் மீது உலகத்தின் பாரத்தை ஏற்றி வைத்துவிட்டேன்.

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளையிடம் என்னதான் பேசுவது?

பருவநிலை மாற்றம் என்ற சொல்லையே பேச வேண்டியதில்லை. மழைக்கு முன் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டுங்கள். கோயிலின் வெளிப் பிராகாரத்தில் நண்பகலில் வெறுங்காலோடு நடக்கும்போது கல் தரை சுடுவதும், மரத்தடியில் கால் வைத்ததும் குளிர்வதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் இங்கே சுடுகிறது, அங்கே ஏன் சுடவில்லை என்று கேட்டாலே போதும். நிழல் என்றால் என்ன, மரம் எதற்கு என்பதை அந்தப் பிள்ளை உள்ளங்காலால் கற்றுக்கொள்கிறது.

வானிலை, பருவநிலை என்ற இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். எப்படிப் பிரித்துக் காட்டுவது?

பெரியவர்களும் குழப்பிக்கொள்வதால் இதற்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். நம் பண்டிகைகளே இதற்கு நல்ல துணை. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுந்த காலம். தீபாவளி பெரும்பாலும் அதற்குள்தான் வருகிறது. ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். தைப்பூசம் அப்போது வருவதால்தான் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடக்கும் பக்தர்களுக்காகச் சாலையில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கிறார்கள், வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் அமைக்கிறார்கள். தீபாவளிக்கு மழை வரும் என்று பாட்டி முறுக்கு மாவைச் சித்திரை வெயிலிலேயே காய வைத்து எடுத்துவைக்க நினைப்பது பருவநிலையைப் பற்றிய அறிவு. இன்று காலை பள்ளிக்குக் குடை எடுத்துப் போகலாமா என்று அம்மா வானத்தைப் பார்ப்பது வானிலை. ஒன்று பல்லாண்டுப் பழக்கம். மற்றொன்று இன்றைய நிலை.

ஒரு தைப்பூசத்தன்று மழை பெய்தால் பருவநிலை மாறிவிட்டது என்று பொருளில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, அந்தப் பழக்கமே நகர்ந்திருந்தால்தான் அதை மாற்றம் என்கிறோம். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதை நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். தாத்தாவிடம் "உங்கள் சிறுவயதில் தீபாவளிக்கு மழை பெய்ததா?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள், வீட்டில் நல்லதோர் உரையாடல் தொடங்கும்.

பூமி ஏன் சூடாகிறது என்று கேட்டால் எளிமையாக என்ன சொல்லலாம்?

போர்வையைச் சொல்லலாம். பூமியைச் சுற்றி மெல்லிய காற்றுப் போர்வை ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும். ஆகவே போர்வை நல்லது. ஆனால் நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிக்கும்போது கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) வெளிவந்து அந்தப் போர்வையைத் தடிமனாக்குகிறது. பினாங்குப் பிள்ளைக்குத் தடித்த போர்வை எவ்வளவு புழுக்கம் தரும் என்று விளக்கவே வேண்டாம். வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் ஏறுவதைப் பலர் உவமையாகச் சொல்கிறார்கள். அதில் பயன் உண்டு என்றாலும், கண்ணாடியைத் திறந்துவிட்டால் சரியாகிவிடுமே என்று பிள்ளை கேட்கும். பூமிக்குத் திறக்கக் கண்ணாடி இல்லை. எனவே நான் போர்வையையே விரும்புகிறேன்.

பத்து வயதைத் தாண்டியவர்களிடம் எண்களையும் சொல்லலாம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் ஒவ்வொரு பத்து இலட்சம் மூலக்கூறுகளில் ஏறக்குறைய 280 கரிவளி மூலக்கூறுகள் இருந்தன. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் 1958 முதல் இதை அளந்து வருகிறார்கள். யாரோ ஒருவர் தினமும் பொறுமையாக அளந்ததால்தான் நமக்கு இது தெரிகிறது என்ற செய்தி பிள்ளைகளை ஈர்ப்பதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பிள்ளைகள் எவற்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்?

மூன்று குழப்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்து அதன் வழியாக வெயில் இறங்குவதால் பூமி சூடாகிறது என்பது. இரண்டும் வேறு. ஓசோன் படலத்தைச் சிதைத்தவை குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட சில வேதிப்பொருள்கள். 1987இல் உலக நாடுகள் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழி அவற்றைக் கைவிட முடிவெடுத்தன; படலம் இப்போது மெல்ல மெல்ல மீண்டு வருகிறது. இந்தக் குழப்பத்தைத் திருத்தும்போதே, உலகம் ஒன்றுகூடி ஒரு பெரிய சிக்கலைத் தீர்க்கத் தொடங்கிய உண்மைக் கதையையும் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். அதனால் இந்தத் தவறான விடை வகுப்பில் வரும்போது எனக்கு மகிழ்ச்சியே.

இரண்டாவது, ஞெகிழிப் பை. பினாங்கில் 2009இல் திங்கட்கிழமைகளில் இலவச ஞெகிழிப் பை இல்லை என்று தொடங்கி, 2011 முதல் எல்லா நாள்களுக்கும் அதை விரிவாக்கினார்கள். நம் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவர்கள் என்பதால் சுற்றுச்சூழல் என்றாலே ஞெகிழி என்று நினைக்கிறார்கள். பையைத் தவிர்ப்பது கடலுக்கும் கால்வாய்க்கும் மிக நல்லது. ஆனால் பூமி சூடாவதற்கு முதன்மைக் காரணம் அது அன்று, எரிபொருளே.

மூன்றாவது, ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26 அன்று பினாங்கின் கடற்கரைகளில் உயிர்களைக் கொண்டுபோன அலையைப் பற்றி எல்லா வீடுகளிலும் பேச்சு உண்டு. அது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் வந்தது. பருவநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், பூமி சூடாகிறது என்று கேட்டதும் கடற்கரைக்குப் போகவே பிள்ளை அஞ்சும்.

புகைமூட்ட நாளில் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு என்ன விடை?

மலாய்ப் பாலர் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இதை "ஜெரெபு" என்றே சொல்வார்கள். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்புக் காடுகள் எரியும்போது புகை காற்றோடு இங்கே வருகிறது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி இங்கே மழை குறையும் எல் நினோ ஆண்டுகளில் அது மோசமாகிறது. 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் மலேசியாவின் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. சிறு பிள்ளைக்கு "தூரத்தில் காடு எரிகிறது, தீயணைப்பாளர்கள் அணைக்கிறார்கள், காற்று சுத்தமாகும் வரை நாம் உள்ளே விளையாடுவோம்" என்பது போதும். பெரிய பிள்ளையிடம், சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் எரிந்து போர்வையோடு சேர்வதைச் சொல்லலாம்.

வெள்ளத்தைக் கண்ட பிள்ளை ஒவ்வொரு மழைக்கும் அழுகிறது. என்ன செய்வது?

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பெய்த மழையையும் வீசிய காற்றையும் நம்மில் யாரும் மறக்கவில்லை. ஏழு பேர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். அதற்குப் பிறகு பள்ளி திறந்தபோது என் வகுப்பில் ஒரு சிறுவன், வெளியே இலேசாகத் தூறத் தொடங்கியதும் தன் புத்தகப் பையை எடுத்து மேசையின் மேல் வைத்தான். வீட்டில் எல்லாரும் பொருள்களை உயரத்தில் ஏற்றியதை அவன் பார்த்திருக்கிறான். "டீச்சர், உங்கள் பையையும் மேலே வையுங்கள்" என்று என்னிடம் சொன்னான். நான் வைத்தேன். அது வெறும் தூறல்தான் என்று அவனிடம் வாதாடவில்லை.

அத்தகைய பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது அறிவியல் அன்று. "மழை பெருகினால் நாம் என்ன செய்வோம்?" என்பதற்கு ஒரு தெளிவான விடை வேண்டும். எந்தப் பையில் பிறப்புச் சான்றிதழும் உடையும் இருக்கின்றன, யார் பாட்டியைப் பிடித்துக்கொள்வார், எந்த மாமா வீட்டுக்குப் போவோம், பூனையை யார் தூக்குவார் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசி, அதில் பிள்ளைக்கும் ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள். கைவிளக்கை எடுத்து வருவது அவன் வேலையாக இருக்கட்டும். அடுத்து, பிள்ளை வரைய விரும்பினால் வரையட்டும். ஒரே படத்தைப் பத்து முறை வரைந்தாலும் தடுக்க வேண்டாம். ஆனால் சில மாதங்கள் கடந்தும் உறக்கம் கெடுகிறது, உணவு இறங்கவில்லை, பள்ளிக்கு வர மறுக்கிறது என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

காரணத்தைக் கேட்கும் வயது வந்தபின் நேர்மையாகச் சொல்லுங்கள். வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்கும். ஒரு பாகை (டிகிரி செல்சியஸ்) கூடினால் ஏறக்குறைய 7 விழுக்காடு அதிகமாகத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. அதே நேரத்தில் மலைச்சரிவில் மரங்களை வெட்டியது, கால்வாய்கள் அடைபட்டது, கடலில் நீர் ஏறியிருந்த வேளை ஆகியவையும் வெள்ளத்தைப் பெருக்கும். எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போட்டுவிட்டால், நம் ஊரிலேயே திருத்திக்கொள்ளக்கூடியவை பிள்ளையின் கண்ணில் படாமல் போய்விடும்.

"நாம் எல்லாரும் செத்துப்போய்விடுவோமா?" என்று என் மகள் கேட்டாள். என்ன சொல்வது?

உடனே "இல்லை, அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மூடிவிட வேண்டாம். அப்படி அவளிடம் யார் சொன்னார்கள், எதைப் பார்த்தாள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளி இருக்கும். பிறகு உண்மையைச் சொல்லுங்கள்: "இல்லை கண்ணு. பூமி சூடாவது உண்மை. அதனால் சில இடங்களில் மக்கள் கஷ்டப்படுவதும் உண்மை. ஆனால் அதைச் சரிசெய்ய நிறையப் பெரியவர்கள் வேலை செய்கிறார்கள். உன்னைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை." கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம்.

விளக்கை அணை, தண்ணீரை மூடு என்று சொல்வது போதுமா?

நல்ல பழக்கங்கள்தாம்; தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருவதால் விளக்கை அணைப்பதற்குப் பொருள் உண்டு. ஆனால் வியர்வையில் உறங்கிய அந்தச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். "நீ அணைக்காவிட்டால் பூமி அழியும்" என்பதற்கும் "நம் வீட்டில் வீணாக்குவதில்லை" என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. முதலாவது அச்சுறுத்தல்; இரண்டாவது குடும்ப வழக்கம். பிள்ளை காற்றாடி போட்டு உறங்குவதற்காக ஒருபோதும் குற்றவுணர்வு கொள்ளக் கூடாது.

பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள்: "நான் விளக்கை அணைக்கிறேன், ஆனால் அந்தப் பேரங்காடி இரவெல்லாம் எரிகிறதே?" அது நியாயமான கேள்வி. மின்சாரம் எப்படித் தயாரிக்கப்பட வேண்டும், பேருந்துகள் எவ்வளவு ஓட வேண்டும் என்பனவற்றை அரசாங்கங்களும் நிறுவனங்களும் முடிவு செய்கின்றன. 2015இல் பாரிசில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. மலேசியா 2050ஆம் ஆண்டுக்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்கும் இலக்கை 2021இல் அறிவித்தது. சொன்னதைச் செய்கிறார்களா என்று கவனிக்கும் உரிமை பிள்ளைகளுக்கும் உண்டு என்று சொல்லுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது சோதனை உண்டா?

ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இது. இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீர் ஊற்றிப் பனிக்கட்டிகளை மிதக்க விடுங்கள். மற்றொன்றில் நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டும்படி ஒரு கல்லை வைத்து, அதன்மேல் பனிக்கட்டிகளை அடுக்குங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, எதில் நீர் உயரும் என்று பிள்ளையை ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் இரண்டிலும் உயரும் என்பார்கள். நம் ஊர் வெப்பத்தில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. பனிக்கட்டி முழுவதும் உருகிய பின்னும் முதல் குவளையில் கோடு அப்படியே இருக்கும். இரண்டாவதில் நீர் ஏறியிருக்கும். கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனிக்கும், கிரீன்லாந்து, அண்டார்டிகா போன்ற நிலத்தின்மேல் கிடக்கும் பனிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

"எல்லாம் கலிகாலம்" என்று பாட்டி சொல்கிறார். அதை மறுக்க வேண்டுமா?

பிள்ளையின் முன் பாட்டியைத் திருத்த வேண்டாம். பாட்டியிடம் ஒரு பெரிய செல்வம் இருக்கிறது: தோட்டப்புறத்தில் வாழ்ந்த காலத்தின் நினைவு. கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் இருந்தது, பால்மரம் எப்போது இலை உதிர்த்தது, எந்த மாதத்தில் வெயில் சுட்டது என்று அவரால் சொல்ல முடியும். பாலிக் புலாவில் டுரியான் தோப்பு வைத்திருப்பவர்களும் இப்படியே பேசுவார்கள். சில வாரங்கள் வறட்சி நீடித்தால்தான் டுரியான் பூக்கும் என்பதால் மழையின் காலம் தப்பினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பாட்டி பார்த்ததைப் பாட்டி சொல்லட்டும். அது ஏன் நடக்கிறது என்பதை நீங்கள் தனியாகச் சொல்லலாம். பிள்ளைக்கு இரண்டும் தேவை.

எந்த மொழியில் பேசுவது? பள்ளியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்கிறார்களே.

அச்சத்தையும் ஆறுதலையும் பேசும்போது வீட்டு மொழியில் பேசுங்கள். கலைச்சொற்களை எந்த மொழியில் வேண்டுமானாலும் கற்கலாம்.

எனக்கே விடை தெரியாத கேள்வி கேட்டால்?

"தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லி, சொன்னபடியே அந்த வாரத்திலேயே தேடுங்கள்.

பினாங்கில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?

கொடிமலைக்கு இரயிலில் ஏறிப் பாருங்கள். 1923 முதல் ஓடும் அந்த மலை இரயிலின் கீழ் நிலையத்தில் ஒரு வெப்பமானியைப் பார்த்து எழுதிக்கொண்டு, ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்திலுள்ள உச்சியிலும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் 5 பாகை அளவுக்குக் குறைந்திருக்கும். அந்தச் சிறிய எண் உடம்புக்கு எவ்வளவு பெரிய வேறுபாடாகத் தெரிகிறது என்பதை உணர்ந்த பிள்ளை, உலகத்தின் சராசரி வெப்பம் ஒரு பாகைக்கு மேல் கூடிவிட்டது என்பதைப் பிறகு கேட்கும்போது அதை அற்பமாக நினைக்காது.

கடலோரச் சதுப்புக் காடுகளையும் தவறவிட வேண்டாம். கண்டல் மரங்களின் வேர்கள் அலையின் வேகத்தைத் தணித்து மீன்குஞ்சுகளுக்கு வீடாகின்றன. அவற்றின் சேறு கரிமத்தைச் சேமித்து வைக்கிறது. பினாங்கின் கரையோர மீனவர்கள் பல ஆண்டுகளாகத் தாங்களே கண்டல் கன்றுகளை நட்டு வருகிறார்கள். மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைக்கு வாக்களிக்க வேண்டாம். ஆனால் சேற்றில் முழங்கால் புதைய ஒரு கன்றை நட்ட பிள்ளை அந்தக் கரையை மறக்காது.

நடக்கக்கூடிய வயதினரைப் பினாங்கு தேசியப் பூங்காவிலுள்ள கெராச்சுட் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடியாதவர்கள் தெலுக் பஹாங்கிலிருந்து படகில் போகலாம். அங்கே ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பேராமையின் முட்டையிலிருந்து ஆண் வருமா பெண் வருமா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது: மணல் சூடானால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். நான் அழைத்துச் சென்ற பிள்ளைகளில் ஒருத்தி இதைக் கேட்டதும் வெகுநேரம் மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்படியென்றால் நாம் மணலுக்கு நிழல் போடலாமே?" என்று கேட்டாள். உலகின் பல கடற்கரைகளில் ஆமை முட்டைகளைக் காப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன்.